மரபணு அறிக்கை ‘இயல்பு’ என்கிறது, மருந்துப் பட்டியலைப் பார்த்தீர்களா?

நாள்பட்ட வலிக்கு மருந்து உட்கொள்பவர்களின் பாலியல் குறைபாட்டுக்குச் சிகிச்சையளிக்கத் தொடங்கும் இளம் மருத்துவர்கள், என் தொடக்க ஆண்டுகளில் நான் செய்த பிழைகளையே திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன். நோயாளியிடம் கூச்சமின்றிக் கேட்க வேண்டும் என்பன போன்றவை அவர்கள் அறிந்தவையே. ஆகவே மரபணுவைச் சார்ந்த தடுமாற்றங்களை மட்டும் எழுதுகிறேன்.

‘இயல்பு’ என்பதை அப்படியே நம்புவது

டிராமடால் என்னும் ஓபியாய்டு (மார்பின் வகை) வலி மருந்தைக் கல்லீரலின் சிஒய்பி2டி6 நொதி வேறொரு சேர்மமாக மாற்றிய பிறகே அது ஓபியாய்டு ஏற்பிகளில் வலுவாகச் செயல்படுகிறது. சிலரிடம் இந்த நொதிக்கான மரபணுவின் செயல்படும் பிரதி ஒன்றுகூட இருப்பதில்லை. சிலரிடம் கூடுதல் பிரதிகள் இருக்கின்றன. ஆகவே மரபணுப் பரிசோதனை பயனுள்ளதே. ஆனால் பிறப்பில் வாய்த்த திறனை மட்டுமே அந்த அறிக்கை காட்டுகிறது.

முதுகுவலிக்கு டிராமடால் எடுத்துவந்த ஒருவர், வலி தணியவில்லை என்றும் உறவின்போது விந்து வெளியேற மிகவும் தாமதமாகிறது என்றும் என்னிடம் சொன்னார். அறிக்கையில் நொதியின் செயல்பாடு இயல்பு என்றிருந்ததால், டிராமடாலின் அளவை உயர்த்தி, கூடவே விறைப்புக்கான சில்டெனாஃபிலும் எழுதிக் கொடுத்தேன். மனச்சோர்வுக்காக அவர் உட்கொண்டுவந்த பராக்ஸிடினைப் பட்டியலில் படித்தும் கடந்துவிட்டேன். பராக்ஸிடின் சிஒய்பி2டி6 நொதியை எவ்வளவு கடுமையாக முடக்குகிறது என்றால், இயல்பான மரபணு உள்ளவரும் அந்த நொதியே இல்லாதவரைப் போல ஆகிவிடக்கூடும். விந்து வெளியேற்றத்தைத் தாமதப்படுத்துவதும் அதன் நன்கறியப்பட்ட பக்கவிளைவு. அவருடைய இரு குறைகளுக்கும் காரணம் ஒரே மாத்திரை. நான் உயர்த்திய அளவோ செரட்டோனின் நச்சுநிலை (மூளையில் செரட்டோனின் என்னும் வேதிப்பொருள் மிகையாவது), வலிப்பு ஆகியவற்றின் அபாயத்தைக் கூட்டியது. தன் உடலில்தான் கோளாறு என்று எண்ணி அவர் மாதக்கணக்கில் மருகினார். இன்று வேறொருவர் அதே அறிக்கையை அதே விதமாக வாசிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

திருத்தும்போதும் அவசரம் கூடாது. பராக்ஸிடினைத் திடீரென நிறுத்தினால் விலகல் அறிகுறிகள் தோன்றும். அதைக் குறைக்கக் குறைக்க நொதி மீண்டுவிடுவதால், அதுவரை பயனற்றிருந்த டிராமடால் அளவே மிகையாகிவிடலாம். மனநல மருத்துவருடன் கலந்து பேசி, இரண்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

ஹார்மோனுக்கு முன் மரபணுவைத் தேடுவது

நீண்டகால ஓபியாய்டு, மூளையிலிருந்து செல்லும் ஹார்மோன் சமிக்ஞைகளை அடக்கி, டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கிறது. ஆண்களுக்கு அதைக் காலை வேளையில், இரு வெவ்வேறு நாட்களில் அளந்து பாருங்கள். நாட்டமே குறைந்துவிட்டவருக்குச் சில்டெனாஃபில் நாட்டத்தைத் தராது.

சில்டெனாஃபிலுக்காக மரபணுப் பரிசோதனை

வேண்டியதில்லை. சில்டெனாஃபிலைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியை முடக்கும் கிளாரித்ரோமைசின், ரிட்டோனவிர் போன்ற தடுப்பான்களையும், ஒருபோதும் உடன் சேரக் கூடாத, இதய வலிக்கான நைட்ரேட்டையும் மருந்துப் பட்டியலில் தேடுங்கள்.

சிம்1

2018-இல் விறைப்புக் குறைபாட்டுடன் தொடர்புபடுத்தப்பட்ட இந்த மரபணுப் பகுதி, நோய் வரும் வாய்ப்பைப் பற்றியது. எந்த மருந்தைக் கொடுப்பது என்பதை அதைக்கொண்டு முடிவு செய்ய இயலாது.