திருவல்லிக்கேணியில் எந்த நேரத்தில் எங்கே சாப்பிடுவது, எங்கே வாங்குவது

சென்னைத் திருவல்லிக்கேணிக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "எந்தக் கடையில் சாப்பாடு நல்லா இருக்கும்?" என்பதுதான். "எத்தனை மணிக்குப் போவீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பதில் சொல்லத் தெரியாமல் பார்ப்பார்கள். ஆனால் இந்தப் பேட்டையில் நேரம் தெரியாமல் நல்ல சாப்பாடு கிடைக்காது. காலை ஏழு மணிக்குப் பஞ்சு மாதிரி இட்லி தருகிற அதே கடை, பத்து மணிக்கு அதே இட்லியை ஓரம் காய்ந்துபோய்த் தரும். கடை மோசமில்லை, நாம் போன நேரம் மோசம்.

இது எனக்கு வேலை கற்றுக்கொடுத்த விஷயம். 2009-இல் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, ராயப்பேட்டையில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் சேர்ந்தேன். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். ஆறு வருடம் மேன்ஷனில், அதாவது தனியாக வந்த ஆண்கள் அறை எடுத்துத் தங்குகிற கட்டடத்தில், இருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. இருபத்து நான்கு மணி நேரத்தில் ஏதாவதொரு நேரத்தில் பசியோடு இந்தத் தெருக்களில் நடந்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

காலையிலிருந்து தொடங்கலாம். பால் வாங்க ஐந்து, ஐந்தரைக்குள் போய்விடுங்கள். ஆவின் பாக்கெட்டில் நீலம் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. வீட்டில் காபி போடுகிறவர்கள் பச்சையாவது வாங்குங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது என்றால் ஆரஞ்சு. நீலத்தில் காபி போட்டுவிட்டு "தூள் சரியில்லை" என்று சொல்கிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். தூள் மேல் தப்பில்லை.

தூள் வாங்கும்போது ஒன்று பாருங்கள். காபித்தூளில் சிக்கரி கலக்கலாம், ஆனால் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அதனால் 53, 55 சதவீதம் என்று பாக்கெட்டில் பொடி எழுத்தில் போட்டு விற்கிறார்கள். அரைத்துத் தருகிற கடைக்குப் போய், "எண்பது இருபது, கால் கிலோ, ஃபில்டருக்கு" என்று கேளுங்கள். கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். கடல் காற்று அடிக்கிற ஊர் இது, டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் இரண்டு வாரத்தில் மணம் இறங்கிவிடும்.

இட்லிக்கு நேரம் ஆறே முக்காலிலிருந்து எட்டு. முதல் இரண்டு மூன்று ஈடு இறங்குகிற நேரம் அது. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கஃபே 1948-இலிருந்து இருக்கிறது. சாம்பார் இட்லிக்குப் பேர் போன கடை. இரண்டு இட்லியைத் தட்டில் வைத்து, அது மூழ்குகிற வரை சாம்பாரை ஊற்றுவார்கள். தீர்ந்தால் மறுபடி வந்து ஊற்றுவார்கள். அங்கே சட்னியைத் தேடாதீர்கள், சாம்பார்தான் சாப்பாடு. உட்கார்ந்ததும் இட்லியைப் பிய்த்துவிடாமல் இரண்டு நிமிடம் ஊற விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு மேல் போனால் நிற்க வேண்டியிருக்கும். அவ்வளவு நேரம் நிற்பதைவிட, அதே கடைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் போவது நல்லது என்பது என் கருத்து.

கையில் காசு குறைவாக இருக்கிற மாதக் கடைசியில் அம்மா உணவகம். 2013-இல் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று வைத்தார்கள். காலை ஏழு மணிக்குத் திறப்பார்கள், பத்துக்குள் முடிந்துவிடும். நைட் ஷிஃப்ட் முடிந்து நேரே அங்கே போய் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிய காலம் உண்டு. அந்த இட்லியை யாராவது குறைத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது. ஏழு மணிக்குப் போய்ச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

மேன்ஷன்காரர்களுக்கு முக்கியமானது மதியச் சாப்பாடு. அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ் இருக்கிறது. டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும், எண்ணைக் கூப்பிட்டதும் உள்ளே போக வேண்டும். ஒரு மணிக்குப் போனால் பெரும் கூட்டம். பன்னிரண்டுக்குள் போய்விட்டால் சோறு ஆவி பறக்கும், கூட்டும் பொரியலும் அப்போது இறக்கியதாக இருக்கும். எந்த மெஸ்ஸிலும் இரண்டரைக்கு மேல் போனால் கூட்டு தீர்ந்திருக்கும், ரசத்தில் மண்டிதான் மிச்சம். பசி பொறுக்காதவர்கள் பதினொன்றரைக்கே போகலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

மீன் குழம்போடு சாப்பிட வேண்டும் என்றால் சேப்பாக்கத்தில் நாயர் மெஸ். 1961-இல் தொடங்கியது, கேரளச் சாப்பாடு. பக்கத்தில் எழிலகம், அரசு அலுவலகங்கள் எல்லாம் இருப்பதால் ஒரு மணி அடித்ததும் மொத்த அலுவலகமும் வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும். பன்னிரண்டேகாலுக்குப் போங்கள். மீன் வறுவல் தட்டைக் கொண்டுவந்து காட்டுவார்கள், பார்த்து எடுத்துக்கொள்ளலாம். கல்லிலிருந்து எடுத்து நேரமாகாத துண்டாகப் பார்த்து எடுங்கள். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மேட்ச் இருக்கிற நாளில் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள், வாலாஜா சாலையைத் தாண்டுவதற்குள் பசி போய்விடும்.

மாதக் கணக்கு வைக்கலாமா என்று புதிதாக வருகிற தம்பிகள் கேட்பார்கள். மூன்று வேளைக்கும் ஒரே மெஸ்ஸில் பணம் கட்டாதீர்கள். மதியத்துக்கு மட்டும் கட்டுங்கள். காலையும் இரவும் நாக்கு வேறு வேறு கேட்கும், பணம் கட்டிவிட்டோமே என்று பிடிக்காததைச் சாப்பிட்டு உடம்பு மெலிந்த பையன்கள் என் மேன்ஷனிலேயே மூன்று பேர். இன்னொன்று: முழுச் சாப்பாடு பார்சல் வாங்கினால் இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். சோற்றை அமுக்கிக் கட்டுவார்கள். அறை நண்பனோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

பிரியாணிக்குத் தம் பிரிக்கிற நேரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் தெருவில் இருக்கிற கடைப் பாயிடம், "அண்டா எத்தனை மணிக்குத் திறப்பீங்க பாய்?" என்று நேராகவே கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார். பெரும்பாலும் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரைக்குள் இருக்கும். திறந்து அரை மணி நேரத்துக்குள் வாங்குகிற பிரியாணிக்கும் மூன்று மணிக்கு வாங்குகிற பிரியாணிக்கும் ஒரே விலைதான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. நேரமாக ஆக அடிச் சோறு வரும், அதில் மசாலாவும் எண்ணெயும் இறங்கியிருக்கும். எனக்கு அது பிடிக்கும், என் மனைவிக்கு ஆகாது. எங்கள் வீட்டில் யாருக்காக வாங்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் புறப்படுகிற நேரம். இங்கே பாஸ்மதியில் செய்வார்கள், தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காயும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் தருவார்கள். அந்தக் கத்திரிக்காய் புளிப்பாக, எண்ணெய் மிதந்து இருந்தால் அந்தக் கடையை நம்பலாம். அதில் அக்கறை காட்டாதவர் அண்டாவிலும் காட்டமாட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்கு டீக்கடையில் புது எண்ணெயில் முதல் பஜ்ஜி போடுவார்கள். பேக்கரியில் பன்னும் வெங்காயச் சமோசாவும் அந்த நேரம்தான் சூடாக வரும். டீ மாஸ்டர் வடிகட்டிப் பையிலிருக்கிற பழைய தூளைக் கொட்டிவிட்டுப் புதுத் தூள் போடுகிறாரா என்று நின்று பாருங்கள், போட்ட பிறகு டீ சொல்லுங்கள். பிளம் கேக் மாதிரி விசேஷத்துக்கு வாங்குவதென்றால் நான் வேப்பேரிப் பக்கம் ஸ்மித் ஃபீல்ட் பேக்கரிக்குப் போவேன். 1885-இல் தொடங்கியது. தினசரி பிரெட்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், உங்கள் தெரு பேக்கரியில் எந்த நேரத்தில் பிரெட் அறுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும்.

இனிப்பில் இந்தப் பேட்டைக்கென்று ஒன்று உண்டு, தம்ரூட். ரவை, நெய், பால்கோவா, சர்க்கரை சேர்த்து அடுப்பில் வைத்து மேலே செம்பழுப்பாக ஏறும்வரை வேகவிடுவார்கள். பாஷா ஹல்வாவாலா கடையில் கிடைக்கும். ஊருக்குப் போகும்போது நான் லட்டு, மைசூர்பாகு எதுவும் வாங்குவதில்லை, இதைத்தான் வாங்கிப் போகிறேன். என் அம்மாவுக்கு அந்த மேல்தோல் பிடிக்கும். ஓரத் துண்டாகக் கேட்டு வாங்குங்கள்.

காய்கறிக்கு ஜாம்பஜார். கோயம்பேட்டிலிருந்து விடியற்காலையில் சரக்கு வந்து இறங்கும். கீரை, கொத்தமல்லி, புதினா, வெண்டைக்காய் இதெல்லாம் எட்டு மணிக்குள் வாங்க வேண்டியவை. பூசணி, சேனை, உருளை, வெங்காயம் எல்லாம் அவசரப்படுத்தாதவை, அவற்றை இரவு எட்டு மணிக்கு மேல் வாங்குங்கள். கடை கட்டுகிற நேரத்தில் மிச்சத்தைக் கூறு கட்டி வைப்பார்கள், எடை போடமாட்டார்கள். மறுநாளே சமைக்கிறவர்களுக்கு அந்தக் கூறு பெரிய லாபம். தக்காளியில் ரசத்துக்கு நாட்டுத் தக்காளி, தொக்குக்குப் பெங்களூர்த் தக்காளி. நாட்டுத் தக்காளி ஒரு நாளுக்கு மேல் தாங்காது, அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள்.

மீனுக்கு நடுக்குப்பம் பக்கம் காலையில் போங்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. வஞ்சிரத்தையே கேட்டுக்கொண்டிருந்தால் காசுதான் கரையும். சங்கரா, நெத்திலி, காரப்பொடி இதெல்லாம் குழம்புக்கு வஞ்சிரத்தைவிட நன்றாக இருக்கும். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன்பிடித் தடைக்காலம். அப்போது பெரிய மீன் விலை ஏறிவிடும். சின்னப் படகுகள் கரையோரம் போய்வரும், அவர்கள் கொண்டுவருகிற பொடிமீனை வாங்குங்கள். புரட்டாசியில் நேர்மாறு, பாதிப் பேர் கவிச்சி தொடமாட்டார்கள். மீன்கார அக்காக்களே கூப்பிட்டு விலை குறைத்துக் கொடுப்பார்கள். வாரா வாரம் ஒரே அக்காவிடம் வாங்குங்கள். இரண்டு மாதம் போனால், "இன்னைக்கு இது வேணாம்பா, நாளைக்கு வா" என்று அவரே சொல்வார்.

மளிகைக்கு அண்ணாச்சி கடை. மாவு பாக்கெட் அங்கேதான் வாங்குவீர்கள், "எப்ப அரைச்சது அண்ணாச்சி?" என்று கேட்காமல் வாங்காதீர்கள். மே மாதத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். காலையில் அரைத்ததைச் சாயங்காலம் இட்லிக்கு, நேற்று அரைத்ததைத் தோசைக்கு. பருப்பு, சர்க்கரை விலை நியாயமா என்று சந்தேகம் வந்தால் டி.யு.சி.எஸ். கூட்டுறவுக் கடையில் பார்த்துக்கொள்ளுங்கள். திருவல்லிக்கேணியில் 1904-இல் தொடங்கிய சங்கம், நாட்டின் மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவுகளில் ஒன்று.

இரவில் ஒரு எச்சரிக்கை. மேன்ஷனுக்கு வந்த மூன்றாவது மாதம், மே மாத வெயில் காலம், இரவு பத்தரைக்கு ஒரு கடையில் தோசைக்குத் தேங்காய்ச் சட்னி வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. பக்கத்து அறை அண்ணன் ஒருவர்தான் கஞ்சி வாங்கிக் கொடுத்தார். அந்தக் கடையில் மட்டும் அப்படி என்று இல்லை. காலையிலோ மாலையிலோ அரைத்த தேங்காய், அந்த வெக்கையில் இரவு வரை தாங்காது. வெயில் காலத்தில் ஒன்பது மணிக்கு மேல் சாம்பாரோ காரச் சட்னியோ மட்டும் கேளுங்கள். பரோட்டாவுக்கு அந்தக் கவலை இல்லை, சால்னா கொதித்துக்கொண்டே இருக்கும். பதினொரு மணிக்குப் பால் கடையில் பெரிய வாணலியில் சுண்டிய பால், மேலே ஏடு போட்டுக் கொடுப்பார்கள். நைட் ஷிஃப்ட்டுக்குப் போகும்போது எனக்கு அதுதான் தெம்பு.

ரமலான் மாதம் வந்தால் மேலே சொன்ன எல்லா நேரமும் மாறிவிடும். பகலில் மூடியிருக்கிற கடைகள் இரவெல்லாம் திறந்திருக்கும். வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறக்கிறவர்களுக்கு, மயிலாப்பூரிலுள்ள சூஃபிதார் என்ற சிந்திக்காரர்களின் அமைப்பு பல வருடங்களாகச் சைவச் சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறது. அந்தப் பரிமாறலை ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். தெருவுக்குத் தெரு பள்ளிவாசல்களில் சாயங்காலம் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். யார் என்ன என்று கேட்கமாட்டார்கள். எங்கள் சந்தில் நாலரைக்கு வரிசை தொடங்கும், ஐந்தேகாலுக்கு அண்டா காலி. நாலு மணிக்கே போய் நில்லுங்கள். தூக்குச் சட்டி எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் பையில் வாங்கினால் சூடு போய்விடும்.