"எப்போது முடியும்?" என்பதற்கு முன் கேட்க வேண்டியது

திட்டத்தை ஒப்படைக்கும் நாள் நெருங்கினால் எல்லோரும் "எப்போது முடியும்?" என்றுதான் கேட்கிறோம். அதற்கு முன் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: "இப்போது வெளியிடக் கூடாது என்று யாராவது நினைக்கிறீர்களா? ஏன்?"

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் சேலஞ்சர் விண்கலம் புறப்பட வேண்டும். விண்கலத்தை மேலே உந்தும் பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்புகளைக் கடுங்குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது என்று, அந்த ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தியாகால் நிறுவனப் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் எச்சரித்தார்கள். பாதுகாப்பானது என்று காட்டச் சொல்வதுதான் முறை. அன்றோ, ஆபத்தானது என்று நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில் விழுந்தது. அந்த நிறுவனத்தின் மேலாளர்கள் பொறியாளர்களின் பரிந்துரையை மாற்றி ஒப்புதல் கொடுத்தார்கள். அந்த எதிர்ப்பு, இறுதி முடிவெடுத்த நாசா அதிகாரிகளை எட்டவே இல்லை. புறப்பட்ட 73 விநாடிகளில் விண்கலம் சிதைந்தது. அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அன்று பேசியவர்களுக்குத் துணிவு இருந்தது, அந்தத் துணிவுக்கு அலுவலகத்தில் வழிதான் இல்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

ஆகவே அந்த வழியை முன்பே அமையுங்கள். கூட்டத்தில் வயதிலும் பதவியிலும் இளையவர் முதலில் பேசட்டும். மேலாளர் வாய் திறந்த பிறகு பலர் அடங்கிவிடுவார்கள். மறுப்பைக் கூட்டக் குறிப்பில் சொன்னவரின் சொற்களிலேயே எழுதுங்கள். இறுதிக் கையெழுத்து இடுபவர் அந்தப் பக்கத்தைப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும். தேதி தள்ளிப்போனால் வாடிக்கையாளரிடம் உண்மைக் காரணத்தை அன்றே சொல்லிவிடுங்கள்.