வங்கிக்குத் தண்டம் அழாமல் இருக்க

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சில ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் செல்போன், பைக் என்று தவணையில் வாங்கிவிட்டுக் கொஞ்ச நாளில் பாஸ்புக்கோடு என் மேசைக்கு வந்துவிடுவார்கள். எங்கள் வயதுக்காரர்கள் அந்தக் காலத்தில் செய்த அதே கோளாறுகள்தாம். வரவுக்குள் செலவு செய் என்ற உபதேசத்தை அவர்கள் வீட்டிலேயே போதுமான அளவு கேட்டிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

தவணைத் தேதியன்று மாலையில் பணம் போடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். தவணை ஐந்தாம் தேதி என்றால் அன்று இரவு வரை அவகாசம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். தவணையை நம் கணக்கிலிருந்து எடுக்கச் சொல்லிக் கடன் நிறுவனம் வங்கிக்கு அனுப்பும் கோரிக்கை (நம் ஆட்கள் இன்னும் இ.சி.எஸ். என்பார்கள், இப்போது அது 'நாச்') பெரும்பாலும் காலையிலேயே கணக்குக்கு வந்துவிடும். அப்போது பணம் இல்லையென்றால் திரும்பியது திரும்பியதுதான்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் கொடுமை. ஒரு தம்பிக்கு பைக் தவணை 4,850 ரூபாய். காலையில் திரும்பிவிட்டது. மாலையில் கடைக் கல்லாவில் முன்பணம் வாங்கி, சரியாக 4,850 போட்டான். வங்கி தன் கட்டணம் 500, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 90, ஆக 590 ரூபாயை முதலில் எடுத்துக்கொண்டது. மிச்சம் 4,260. சில நாள் கழித்து நிறுவனம் மறுபடி கேட்டது, மறுபடி திரும்பியது, மறுபடி 590. கடன் நிறுவனம் தன் பங்குக்குத் தனியாக ஒரு கட்டணம் போட்டது. "முழுப் பணத்தையும் போட்டேனே அண்ணே!" என்றான். பாஸ்புக்கில் கட்டணம் கழித்த அந்தப் பதிவுகளை விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. தவணையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

முந்தைய நாளே பணம் கணக்கில் இருக்க வேண்டும். தவணைக்கு மேல் ஓர் ஆயிரமாவது கூடுதலாக இருக்கட்டும். ஒருமுறை திரும்பிவிட்டால், பணத்தைக் கணக்கில் கொட்டாதீர்கள். கடன் நிறுவனத்துக்கே போன் செய்து, நேரடியாகக் கட்டி, ரசீது வாங்கி, மறுபடி கோரிக்கை அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். சம்பளம் ஏழாம் தேதி, தவணை ஐந்தாம் தேதி என்றால் கோளாறு கையெழுத்துப் போட்ட அன்றே தொடங்கிவிட்டது. பத்தாம் தேதி வேண்டும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். இப்போதும் எழுதிக் கேட்கலாம். சில நிறுவனங்கள் மாற்றிக் கொடுக்கின்றன.

காசிமேட்டில் விசைப்படகு வருமானத்தை நம்பித் தவணை கட்டுபவர்களுக்கு இது இன்னும் கடினம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும், தவணை நிற்காது. அந்த இரண்டு தவணைகளுக்கான பணத்தை மார்ச்சுக்குள் ஒதுக்காமல், தடைக்காலம் தொடங்கிய பிறகு கந்துவட்டிக்காரரிடம் ஓடுபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையை நம்புவது

ஞாயிறு வங்கி விடுமுறை, தவணையைத் திங்கட்கிழமைதான் எடுப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள். 2021 ஆகஸ்ட் 1 முதல் 'நாச்' விடுமுறை நாளிலும் இயங்குகிறது.

மறந்துபோன பழைய கணக்கு

முந்தைய கம்பெனியில் தொடங்கிய சம்பளக் கணக்கு, சம்பளம் வருவது நின்ற சில மாதங்களில் சாதாரணக் கணக்காகிவிடும். பிறகு சில வங்கிகளில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று கட்டணம் தொடங்கும். ரிசர்வ் வங்கி 2014இல் பிறப்பித்த உத்தரவின்படி, முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து ஒரு மாத அவகாசம் தர வேண்டும். இந்தக் கட்டணத்தால் மட்டும் இருப்பு மைனஸுக்குப் போகக் கூடாது. மைனஸ் காட்டினால் வாய் திறந்து கேளுங்கள், எழுத்திலும் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. தேவையில்லாத கணக்கை மூடிவிடுங்கள். தேவையென்றால், குறைந்தபட்ச இருப்பே கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லுங்கள். கவுன்டரில் தாமாக இதைச் சொல்ல மாட்டார்கள்.

இருப்பைப் பார்க்காமல் ஏ.டி.எம்.மில் பணம் கேட்பது

பணம் வராது. பல வங்கிகளில் அதற்கும் கட்டணம் உண்டு.

பணமில்லாமல் காசோலை கொடுப்பது

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு, இரண்டு ஆண்டு வரை சிறை. தவணைக் கோரிக்கை திரும்பினாலும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 25ஆம் பிரிவில் அதே தண்டனை இருக்கிறது. பைக் தம்பிக்கு இதைச் சொன்னபோதுதான் முகம் வெளுத்தது.