சைக்கிளும் நாயும் உடன் வரும்போது எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது?

வேறு ஊருக்கு வேலை மாறும்போது பலரும் முதலில் பார்ப்பது வாடகையை. சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் நாயும் வளர்த்தால் அதற்கு முன் ஒரு கணக்கு போட வேண்டும். காலையில் கதவைச் சாத்திவிட்டுப் போனால், மாலையில் திறக்கும்வரை நாய் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும்?

வேலை 8 மணி நேரம், சாப்பாட்டு இடைவேளை 1 மணி நேரம். சைக்கிளில் போக 40 நிமிடம் என்றால் போய்வர 80 நிமிடம். பூட்ட, திறக்க, வியர்வை துடைத்து உடை மாற்ற இன்னொரு 20 நிமிடம். மொத்தம் 10 மணி 40 நிமிடம். நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த நாய்கூட 6 முதல் 8 மணி நேரம்வரைதான் சிரமமில்லாமல் சிறுநீரை அடக்கும். குட்டிக்கு, எத்தனை மாதமோ அத்தனை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். 4 மாதக் குட்டியை 4 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. வயதான நாய்க்கும், சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ள நாய்க்கும் இடைவெளி இன்னும் சுருங்கும்.

பயணத்தில் கூடும் ஒவ்வொரு நிமிடமும் நாயின் கணக்கில் இரண்டு நிமிடமாக ஏறுகிறது. எந்தப் பகுதி என்பதை இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

மதியம் வீட்டுக்கு வந்துபோக முடியுமா?

நகரச் சாலையில் சிக்னல்களையும் சேர்த்தால் சராசரி வேகம் மணிக்கு 15 கி.மீ. வீடு 3 கி.மீ. தொலைவில் இருந்தால் ஒரு வழிக்கு 12 நிமிடம். போய்வர 24, பூட்ட-திறக்க 6, நாயை வெளியே கூட்டிப்போக 20. ஒரு மணி நேர இடைவேளையில் சாப்பிட 10 நிமிடம் மிஞ்சும். அவசரச் சாப்பாடுதான், ஆனாலும் முடியும். 4 கி.மீ. ஆனால் பயணத்துக்கே 32 நிமிடம், சாப்பிட 2 நிமிடம்தான் மிஞ்சும். அரை மணி இடைவேளை என்றால் 3 கி.மீ.கூடத் தாங்காது.

ஆக, 3 கி.மீ.க்குள் வீடு கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் யோசிக்கத் தகுந்தது. பகலில் நாயை நடத்திச் செல்ல ஆள் வைக்கும் செலவு அதில் மிச்சமாகிறது. அதைத் தாண்டினால், மதியம் வந்து போகும் ஆளோ பகல்நேரக் காப்பகமோ அந்தப் பகுதியில் இருக்கிறதா என்று வீடு தேடும் முன்பே விசாரித்துவிடுங்கள். முன்பணம் கொடுத்தபிறகு, காப்பகத்தில் இடமில்லை என்று தெரிந்தால் சங்கடம்.

வரைபடத்தில் தொடங்குங்கள்

அலுவலகத்தை மையமாக வைத்து வட்டம் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. சாலைத் தூரம் நேர்கோட்டுத் தூரத்தைவிடச் சுமார் 1.3 மடங்கு இருக்கும். நேர்கோட்டில் 5 கி.மீ. என்றால் சைக்கிளில் 6.5 கி.மீ., அதாவது 26 நிமிடம். நடுவில் ஆறோ ரயில் பாதையோ நெடுஞ்சாலையோ குறுக்கிட்டால் இந்தக் கணக்கும் பொய்த்துப்போகும். அப்படிப்பட்ட இடங்களில் பாலத்தையும் சுரங்கப்பாதையையும் முதலில் பாருங்கள். ஒரே பாலம்தான் இருந்து, அதில் சைக்கிளுக்கு இடமில்லை என்றால், அக்கரையில் எவ்வளவு நல்ல வீடு கிடைத்தாலும் பயனில்லை.

அடுத்தது ஏற்றம். 1 கி.மீ. தூரத்தில் 50 மீட்டர் உயர்ந்தால் 5 சதவீதச் சரிவு. 3 சதவீதம் பெரும்பாலானோருக்குப் பொருட்டில்லை, 5-இல் வியர்க்கும், 8 சதவீதம் நீண்டுகொண்டே போனால் பலர் இறங்கித் தள்ளுவார்கள். ஏற்றம் தவிர்க்க முடியாதென்றால் அது வீடு திரும்பும் வழியில் இருப்பது நல்லது. வியர்வையோடு அலுவலகத்தில் நுழைவதைவிட, வியர்வையோடு வீட்டுக்கு வந்து குளிப்பது மேல். ஆற்றங்கரை, கடலோரம் போன்ற திறந்தவெளிப் பாதைகளில் எதிர்காற்றும் ஓர் ஏற்றம்தான்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் சைக்கிள் பாதைகளைத் தனியாகக் காட்டும் சைக்ளோஎஸ்எம் (CyclOSM) அடுக்கு உதவும். உடற்பயிற்சியைப் பதிவு செய்யும் செயலியான ஸ்ட்ராவாவில், பலர் ஓட்டும் சாலைகளை நிறத்தால் காட்டும் வெப்ப வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். உடற்பயிற்சிக்காக ஓட்டுபவர்களின் தடம் அதில் அதிகம். விடியற்காலையில் அவர்கள் விரையும் அகலச் சாலை, காலை ஒன்பது மணிக்கு வேறு சாலையாகிவிடும்.

ஓட்டிப் பார்த்தல்

ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வேலைநாளில், போகும் நேரத்தில் ஒருமுறை, திரும்பும் நேரத்தில் ஒருமுறை. ஒருவழிச் சாலைகளால் திரும்பும் பாதை வேறாக இருக்கலாம். சைக்கிள் கையில் இல்லாவிட்டால் வாடகைக்கு எடுத்தாவது ஓட்டுங்கள்.

முதலில், எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கிட்டுத் திரும்பவேண்டிய, சிக்னல் இல்லாத சந்திப்புகளை எண்ணுங்கள். அடுத்து, கார்கள் வரிசையாக நிற்கும் தெருக்கள். காரின் கதவு திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே நீளும். சைக்கிளுக்குக் கோடு போட்ட பாதை அந்த ஒரு மீட்டருக்குள்ளேயே இருந்தால், அங்கே பாதை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேகமும் முக்கியம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டியின் இயக்க ஆற்றல், 30 கி.மீ.யில் வருவதைவிட 2.8 மடங்கு. 30 கி.மீ. வரம்புள்ள உள்தெருக்கள் வழியாக ஒரு கிலோமீட்டர் சுற்றிப்போவது நான்கு நிமிட இழப்புதான், தாராளமாகச் சுற்றலாம்.

சக்கரம் போகும் திசையிலேயே கம்பிகள் உள்ள வடிகால் மூடி மெல்லிய டயரை விழுங்கிவிடும். சாலையில் தண்டவாளம் இருந்தால் செங்குத்தாகக் கடக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சாய்வாகக் கடந்தால் சக்கரம் பள்ளத்தில் சிக்கும், மழையில் வழுக்கும். மழை பெய்த மறுநாள் ஓட்டிப் பார்க்க முடிந்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதும் தெரியும்.

நாயின் கண்ணால் தெருவைப் பார்த்தல்

“அருகிலேயே பூங்கா” என்று வீட்டு விளம்பரங்கள் சொல்லும். இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள பூங்கா விடுமுறை நாளுக்கானது. ஒரு நாளைக்கு மூன்று முறை என்றால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நடை. அதில் பெரும்பகுதி வாசலிலிருந்து 200 மீட்டருக்குள் முடிந்துவிடும். அங்கே ஒரு துண்டு புல்தரையோ மண்தரையோ இருக்க வேண்டும். இரவு பத்தரை மணிக்கு, மழையில், தூக்கக் கலக்கத்தோடு போகும் இடம் அதுதான். அதனால் அந்த நேரத்திலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். விளக்கு எரிகிறதா, ஆள் நடமாட்டம் உண்டா, அவிழ்த்துவிட்ட நாய்கள் கூட்டமாகத் திரிகின்றனவா? திரியும் நாய்கள் உங்கள் நாய்க்கு மட்டும் தொல்லை இல்லை, ஓடும் சக்கரத்தையும் துரத்தும்.

தார்ச்சாலையின் சூட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காற்றின் வெப்பம் 30 டிகிரியாக இருக்கும்போது வெயில்படும் தார் 50 டிகிரியைத் தாண்டக்கூடும். புறங்கையை 7 விநாடி தரையில் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதம் வெந்துபோகும். மதிய நடைக்கு நிழல் விழும் தெரு ஒன்றாவது வேண்டும். சாப்பாட்டுக் கடைகளின் பின்சந்தில் கோழி எலும்பு, குப்பைத் தொட்டி ஓரம் எலி மருந்து, குளத்தில் பச்சை நிறத்தில் மிதக்கும் பாசி, உயரமான புல்லில் உண்ணி ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாய்களை அவிழ்த்துவிடும் வேலியிட்ட இடம் இருந்தால் நுழைவாயிலைப் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள் இல்லாவிட்டால், ஒருவர் உள்ளே வரும்போதே இன்னொரு நாய் வெளியே ஓடிவிடும்.

கால்நடை மருத்துவரை ஊர் மாறியபிறகு தேடலாம் என்று விடாதீர்கள். இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எங்கே, கார் இல்லாமல் 30 கிலோ நாயை நள்ளிரவில் எப்படிக் கொண்டுபோவது, நாயை ஏற்றும் டாக்ஸி உண்டா என்பதற்கு இப்போதே பதில் வேண்டும். மார்பு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

சைக்கிள் டிரெய்லரில் நாயைக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் டேப்போடு போங்கள். பெரிய நாய்களுக்கான டிரெய்லர் 70 முதல் 80 செ.மீ. அகலம். பாதையை மறிக்கும் கம்பங்களுக்கு இடையிலும், வளைந்து நுழையும் தடுப்புகளிலும், கட்டட வாசலிலும், லிஃப்டிலும் அது நுழைய வேண்டும். டிரெய்லர் 15 கிலோ, நாய் 25 கிலோ என்றால் பின்னால் 40 கிலோ இழுக்கிறீர்கள். தனியாக ஓட்டும்போது தெரியாத ஏற்றம் அப்போது தெரியும். நாயைச் சைக்கிள் பக்கத்தில் ஓடவிடுவது எலும்பு வளர்ச்சி முடிந்தபிறகுதான், அதாவது 12 முதல் 18 மாதம் கழித்து. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு வேண்டவே வேண்டாம்.

வீடும் ஒப்பந்தமும்

மின்சைக்கிள் 20 முதல் 25 கிலோ இருக்கும். அதைத் தினமும் மாடிக்குத் தூக்க முடியாது. நீண்ட முதுகுள்ள நாய்க்கும் வயதான நாய்க்கும் படிக்கட்டு ஆகாது. ஆகவே தரைத்தளம், அல்லது பழுதாகாத லிஃப்ட். பொதுச் சைக்கிள் அறை இருந்தால் உள்ளே போய்ப் பாருங்கள். அறுந்த பூட்டுகள் கிடந்தால் திருட்டு நடக்கிறது என்று பொருள். காற்றிறங்கி தூசி படிந்த சைக்கிள்கள் நிறைந்திருந்தால் உங்களுடையதற்கு இடம் கிடைப்பது கடினம். பேட்டரியை வீட்டின் ஒரே வாசலருகே சார்ஜ் போடும்படியான அமைப்பும் வேண்டாம். தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்காது.

“நாய் வைத்துக்கொள்ளலாம்” என்ற வாய்ச்சொல் போதாது. நாயின் இனம், எடை, எண்ணிக்கை மூன்றும் வாடகை ஒப்பந்தத்தில் எழுத்தில் வர வேண்டும். வீட்டுக்காரர் சம்மதித்தாலும் குடியிருப்போர் சங்கத்தின் விதி தடுக்கலாம், அதையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். சைக்கிளை லிஃப்டில் ஏற்றலாமா என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

இத்தனையும் பார்த்தபிறகு பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டாதீர்கள். தவிர்க்கவே முடியாத ஆபத்தான சந்திப்பு ஒன்று இருந்தால், பத்து நல்ல பூங்காக்கள் அதை ஈடுசெய்யாது. தனிமை நேரம், பாதை, இரவு நடை, எழுத்துபூர்வ அனுமதி ஆகிய நான்கில் ஒன்று தவறினாலும் அந்தப் பகுதியை நீக்கிவிடுங்கள். மிஞ்சியவற்றில் வாடகையைப் பார்க்கலாம்.

நாடு விட்டு நாடு போவதென்றால் நாயின் காகிதங்களை வீடு தேடும் முன்பே தொடங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல் ரேபிஸ் ஊசிக்குப் பிறகு குறைந்தது 21 நாள் காத்திருக்க வேண்டும். தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பைப் பொருத்துவதற்கு முன் போட்ட ஊசி அங்கே செல்லாது, மறுபடி போட்டு நாளை எண்ண வேண்டும்.

குடியேறுவது வேலை தொடங்குவதற்குப் பத்து நாளாவது முன்பாக இருக்கட்டும். பழைய வீட்டில் அமைதியாக இருந்த நாயும் புது வீட்டில் கத்தும். முதல்நாள் 5 நிமிடம் தனியாக விடுங்கள், பிறகு 20, பிறகு ஒரு மணி நேரம், அது அடங்கியிருந்தால் அரை நாள். ஒவ்வொரு முறையும் ஒரு போனை வீட்டில் வைத்து ஒலியைப் பதிவு செய்யுங்கள். தனிமைப் பதற்றம் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் வெளிப்பட்டுவிடும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.