சித்திரைக்குப் பூ வேண்டுமென்றால்: மலையகத்து வீட்டுப் பூந்தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் சீசன். விக்டோரியா பூங்காவில் பாத்தி பாத்தியாகப் பூத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் நாலு விதைப் பக்கெட் வாங்கி, வீட்டுக்கு வந்த கையோடு விதைத்துவிடுவோம். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. பென்சி, பெட்டூனியா, அன்ட்ரினம் எல்லாம் நம்முடைய குளிரில் விதையிலிருந்து பூவுக்கு வர மூன்று மாதமாவது எடுக்கும். சித்திரைக்குப் பூக்க வேண்டுமென்றால் விதை டிசம்பரில் விழ வேண்டும், பிந்தினால் ஜனவரித் தொடக்கத்தில். கிளாடியோலஸ் கிழங்கும் அப்படித்தான். ஏப்ரலில் விதைத்தது ஜூலையில்தான் பூக்கும். அப்போது ஹட்டன் பக்கம் அடைமழை. பெட்டூனியா இதழ் ஈரக் கடதாசி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி அழுகிப்போகும்.

பக்கெட்டின் பின்பக்கம் 'வசந்தத்தில் விதைக்கவும்' என்று இருப்பது நாலு பருவம் உள்ள நாட்டுக்காரருக்கு. நமக்கு நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. இங்கே பருவத்தைப் பிரிப்பது மழை, அதுவும் வீடு மலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாவுக்கு மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. பண்டாரவளை, வெலிமடை, பதுளைக்கு ஜூன் தொடங்கி ஓகஸ்ட் வரை வறட்சி. ஒக்டோபரில்தான் நல்ல மழை பிடிக்கும். ஹட்டனில் இருக்கும் அக்கா ஜூன் மாதம் அசேலியா நட்டுப் பிடித்துவிட்டது என்று சொன்னால், பண்டாரவளைத் தங்கை அதே மாதம் நடக் கூடாது. ஒக்டோபர் வரை பொறுத்திருக்க வேண்டும்.

அடுத்தது கத்தி. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிப் பழகிய கை ஹைட்ரேன்ஜியாவையும் அதே மாதிரி முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிடும். தேயிலையில் நமக்கு வேண்டியது இலை, எவ்வளவு வெட்டினாலும் கொழுந்து வரும். ஹைட்ரேன்ஜியாவில் பூ வருவது பெரும்பாலும் பழைய கிளையில். கிளை நுனியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். காய்ந்த பூங்கொத்துக்குக் கீழே, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், எதிரெதிராக இரண்டு மொட்டு இருக்கும். பச்சையும் ஊதாவும் கலந்து, தடித்து, சற்றே பளபளப்பாக. அடுத்த பூ அதற்குள்தான் இருக்கிறது. கீழே இருக்கும் மெலிந்த மொட்டுகள் பெரும்பாலும் இலைதான் தரும். எனவே பூ வாடியதும் அந்த முதல் தடித்த சோடிக்குச் சற்று மேலே வெட்டினால் போதும். செடி அடர்ந்துவிட்டதென்றால் ஆகப் பழைய தண்டுகளில் சிலதை மட்டும் அடியோடு எடுங்கள். அசேலியாவுக்கும் வெட்டும் நேரம் பூ முடிந்த உடனே. ஜனவரியில் வாசலைத் துப்புரவாக்குகிறேன் என்று இரண்டையும் மட்டமாக வெட்டிவிட்டு, சித்திரையில் 'உரம் போதவில்லை போல' என்று யோசிப்பவர்கள் ஊருக்கு நாலு பேர்.

சரி, உரம் என்றதும் அடுப்புச் சாம்பல். விறகு எரிக்கும் வீடுகளில் காலையில் சாம்பலை அள்ளிப் போவது நேராகப் பூச்செடி அடிக்குத்தான். கத்தரி, கோவாவுக்கு அளவாகப் போட்டால் குறையில்லை. ஆனால் அசேலியா, கமேலியா, ரொடொடென்ட்ரன் எல்லாம் புளிப்பு மண் கேட்பவை. கமேலியா தேயிலையின் நெருங்கிய சொந்தம். இரண்டும் ஒரே பேரினம். நம் தேயிலை மண்ணின் அமிலத்தன்மை அவற்றுக்கு இயல்பாகவே பொருந்தும். சாம்பலும் டொலமைட் சுண்ணாம்புத்தூளும் அதைக் குறைத்துவிடும். அப்புறம் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடையில் இலை மஞ்சளாகும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. நீல ஹைட்ரேன்ஜியா இளஞ்சிவப்புக்கு மாறினாலும் காரணம் அநேகமாக இதுதான்: புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும்வரைதான் நீலம்.

மர நிழலில் பூ வளர்க்க நினைப்பவர்கள் முதலில் எந்த மரம் என்று பார்ப்பதில்லை. யூக்கலிப்டஸ் அடியில் எதையும் நட்டு மல்லுக்கட்டாதீர்கள். மேல்மண்ணிலேயே வேர் பரப்பித் தண்ணீரை இழுத்துவிடும், உதிரும் இலையிலும் எண்ணெய். சைப்ரஸ் அடியில் மழைத்தண்ணீரே சரியாக இறங்காது. கிரெவிலியா நிழல் நல்லது, வெளிச்சம் சல்லடையாக விழும். அங்கே பிகோனியா, ஃபியூஷியா, காசித்தும்பை இனங்கள், பன்னங்கள் தாராளமாக வரும். ஆனால் பாத்தி கட்டுவதற்காக மரத்தடியில் மண்ணைக் குவிக்காதீர்கள், மரம் மெல்ல மெல்லப் பட்டுப்போகும். மக்கிய இலையை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, வேர்களுக்கு இடையில் சின்னக் குழி எடுத்து நடுவதே போதும். எந்த நிழலில் எது நிற்கிறது என்று பார்க்க ஹக்கலை தாவரவியல் பூங்காவுக்கு ஒருநாள் போய்வரலாம். 1861இல் குயினைன் மருந்து தரும் சின்கோனா மரத்தை வளர்க்கத் தொடங்கிய இடம் அது. எல்லாரும் ரோசாப் பக்கம் போவார்கள். நீங்கள் பன்னத் தோட்டத்துக்குப் போங்கள்.

காட்டில் பார்த்ததைப் பிடுங்கி வருவது இன்னொரு பழக்கம். ஹோர்ட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் ரொடொடென்ட்ரனின் மெல்லிய வேர் மண்ணிலுள்ள பூஞ்சையோடு சேர்ந்தே வாழ்கிறது. பிடுங்கினால் அந்த உறவு அறுந்து, செடி வீட்டில் பெரும்பாலும் பிழைக்காது. அந்தச் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா, செடி எடுப்பது சட்டப்படி குற்றமும்கூட. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: அழகாக இருக்கிறதே என்று வெளிநாட்டுச் செடியைக் காட்டோரத்தில் நடுவது. ஐரோப்பாவிலிருந்து வந்த மஞ்சள் பூ முட்செடியான யூலெக்ஸ் இப்போது அதே சமவெளியில் பரவி, களைய ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.

டியூலிப் ஆசையை விட்டுவிடுங்கள். அதன் கிழங்குக்குப் பன்னிரண்டு வாரமாவது விடாத குளிர் வேண்டும். நம் இரவு குளிர்ந்தாலும் பகல் சூடாகிவிடுகிறது. அகபாந்தஸும் அரும் லில்லியும் கேட்காமலே வளர்கின்றன.

மழைக்கு முன் சரிவு முழுவதையும் கொத்திப் புரட்டாதீர்கள், மேல்மண் முழுக்க ஆற்றுக்குப் போகும். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஓட இருக்கும் கானை மூடி அதன்மேல் பாத்தி கட்டுவது அதைவிட மோசம். மண்திட்டு தண்ணீர் குடித்துச் சரிய வழிசெய்கிறீர்கள்.

கடைசியாகப் பனி. ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் நுவரெலியா, அம்பேவளைப் பக்கம் உறைபனி விழும். குளிர்காற்று தாழ்வில் தேங்குவதால் பள்ளத்துப் பாத்திதான் முதலில் கருகும். நாற்றை மேட்டில் வைத்து, மாலையில் குச்சி நட்டுச் சாக்கால் மூடுங்கள், துணி இலையில் படாமல். பொலித்தீனை இலைமேல் நேராகப் போட்டால் பட்ட இடமெல்லாம் கருகும். கருகிய நுனியை மறுநாளே வெட்ட வேண்டாம், கீழே இருக்கும் மொட்டுக்கு அதுதான் போர்வை. பெப்ரவரி கழியட்டும். மார்ச்சில் எந்தக் கணு துளிர்க்கிறதோ, அதற்கு மேலே வெட்டுங்கள்.