ரஸ்ட்டில் ஒரு குட்டி டிரிப்பிள் ஸ்டோர்

'ரஸ்ட் – தொடங்கியவர் – கிரேடன் ஹோர்'. எதைப் பற்றி, அதன் எந்தப் பண்பு, என்ன மதிப்பு என்று ஒரு தகவலை மூன்று துண்டாக எழுதினால் அதுதான் டிரிப்பிள். இணையத் தகவல்களை விவரிப்பதற்கான தரநிலையான ஆர்டிஎஃப் (RDF) தரவு முழுக்க இவைதான். இவற்றைச் சேமித்துத் தேடித் தருவது டிரிப்பிள் ஸ்டோர். இவற்றைக் கையாள ரஸ்ட் நிரல்மொழியில் சோஃபியா, ஆக்ஸிகிராஃப் என்று நல்ல லைப்ரரிகள் உண்டு. இருந்தாலும் ஒருமுறை நாமே செய்து பார்த்தால் உள்ளே நடப்பது பிடிபடும். ஸ்டாண்டர்ட் லைப்ரரியே போதும்.

டெர்மினலில் கார்கோ நியூ (cargo new) கொடுத்து பிராஜெக்ட்டைத் தொடங்குங்கள்.

முதல் வேலை, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு எண் கொடுப்பது. ஒரு ஸ்ட்ரக்ட் (பல தகவல்களைச் சேர்த்துக் கட்டும் வகை) எழுதி, உள்ளே ஒரு வெக்டரும் (நீளக்கூடிய பட்டியல்) சொல்லிலிருந்து எண்ணுக்குப் போக ஒரு ஹாஷ்மேப்பும் வையுங்கள். புதுச் சொல் வந்தால் வெக்டரின் கடைசியில் சேருங்கள். அது உட்கார்ந்த இடமே அதன் எண். ஏற்கெனவே வந்த சொல் என்றால் பழைய எண்ணையே திருப்பிக் கொடுங்கள்.

'சொல்தான் வெக்டரில் இருக்கிறதே, ஹாஷ்மேப்பில் அதன் முகவரியைக் காட்டும் ஒரு ரெஃபரன்ஸ் வைத்தால் போதாதா?' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, ஒரு மாலை முழுக்க கம்பைலரோடு மல்லுக்கட்டினேன். அது விடவே இல்லை. வெக்டர் நிரம்பினால் உள்ளே இருப்பவை வேறு இடத்துக்குக் குடிபெயரும். பழைய முகவரியைப் பிடித்திருக்கும் ரெஃபரன்ஸ் காலி வீட்டைத்தான் காட்டும். எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. எங்கே பெயர்ந்தாலும் ஏழாவது சொல் ஏழாவதுதான். ஆகவே ஹாஷ்மேப்பில் ஒரு நகலை வைத்துவிட்டு நகருங்கள்.

அடுத்து, ஒரு டிரிப்பிளின் மூன்று சொற்களுக்குமான எண்களை யு32 (u32, 4 பைட் முழு எண்) வகையில் எடுத்து, ஒரு டப்பிளாகக் (ஒரே கட்டு) கட்டி பிட்ரீசெட்டில் (BTreeSet, உள்ளே இருப்பவற்றை எப்போதும் வரிசையாக வைக்கும் செட்) போடுங்கள். ஒரு டிரிப்பிளுக்கு 12 பைட். ஸ்ட்ரிங்காகவே வைத்திருந்தால் 64 பிட் கணினியில் மூன்று ஸ்ட்ரிங்குக்கும் 72 பைட், எழுத்துகள் தனி. 'கிரேடன்' என்ற ஒரு சொல்லே ரஸ்ட் ஸ்ட்ரிங்குகளின் எழுத்துக் குறியீடான யுடிஎஃப்-8இல் 21 பைட் எடுக்கும்.

சரி, தேடுவது எப்படி? செட் வரிசையாக இருப்பதால், முதல் எண்ணை நிறுத்திக்கொண்டு மற்ற இரண்டையும் பூஜ்யத்திலிருந்து உச்ச மதிப்பு வரை விட்டு ரேஞ்ச் கேட்டால் 'ரஸ்ட்' பற்றிய எல்லாம் வந்துவிடும். கிரேடன் ஹோர் எதையெல்லாம் தொடங்கினார் என்று பின்னாலிருந்து தேட இது உதவாது. அதற்குத்தான் வரிசையைச் சுழற்றி இன்னும் இரண்டு செட். மூன்றும் சேர்ந்து ஒரு டிரிப்பிளுக்கு 36 பைட். பிட்ரீயின் சொந்தச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், நீக்குவது. லூப் ஓடும்போதே அதே செட்டிலிருந்து நீக்கினால் கம்பைலர் 0502 என்ற பிழை எண்ணோடு தடுக்கும். நீக்க வேண்டியவற்றை முதலில் தனி வெக்டரில் எடுத்துக்கொண்டு, லூப் முடிந்தபின் நீக்குங்கள். மூன்று செட்டிலும் நீக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் கம்பைலர் வாயே திறக்காது.