கீசர் சுவிட்சை அணைத்தால் கரண்ட் பில் குறையும்

குளிக்க 20 நிமிடம் முன்பு மட்டும் கீசரைப் போடுங்கள். வீட்டில் எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்துவிட்டு, மறக்காமல் அணைத்துவிடுங்கள். 15 லிட்டர் தொட்டி சூடேற இந்த 20 நிமிடம் போதும். 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் சூடேறினால் ஒரு யூனிட் ஆகிவிடும். சுவிட்ச் போட்டபடியே கிடந்தால், யாரும் குளிக்காவிட்டாலும் தண்ணீர் ஆற ஆற அது தானாகவே மறுபடி சூடேற்றிக்கொண்டிருக்கும். மார்கழியில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் அடிக்கிற குளிருக்குத் தண்ணீர் இன்னும் சீக்கிரம் ஆறும், அங்கேதான் இந்தப் பழக்கம் அவசியம்.

ஷிஃப்ட் வேலையால் ஆளுக்கொரு நேரம் குளிக்கிற வீட்டில் மிச்சம் குறைவுதான். தண்ணீரைச் சேர்த்து வைக்காத சின்ன இன்ஸ்டன்ட் கீசருக்கு இது பெரிதாக உதவாது. சித்திரை வெயிலில் தர்மபுரியில் மாடித் தொட்டித் தண்ணீரே சுடும், கீசரே வேண்டாம்.